எந்தச் சோதனை, யாருக்கு, எதற்காக?



பிள்ளையின்மை பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தார்கள். அதில் மரபணுச் சோதனையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். கருத்தரிப்பு மையங்களின் பில்லில் இன்று அது ஒரு வரியாக ஏறிவிட்டது. எதற்கு எடுக்கிறோம் என்று எழுதிக் கொடுப்பவரும் சொல்வதில்லை, பணம் கட்டுபவரும் கேட்பதில்லை. என் கட்சி எளிது. சிகிச்சையிலோ குடும்பத்திலோ எந்த முடிவையும் மாற்றாத சோதனையை எடுக்கக் கூடாது. முடிவை மாற்றக்கூடிய சோதனையைக் கடைசிக்குத் தள்ளக் கூடாது. நடப்பு பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக இருக்கிறது.

கல்யாணமாகி இரண்டு வருஷம் போனால் ‘விசேஷம் ஏதும் உண்டா’ என்ற கேள்வி பெண்ணிடம்தான் வருகிறது. ஸ்கேன், குழாய்ச் சோதனை, லேப்ராஸ்கோப்பி என்று அவள் உடம்பை எல்லாம் பார்த்து முடித்த பிறகு, கணவருடைய விந்துப் பரிசோதனை ஞாபகத்துக்கு வருகிறது. பிள்ளைக்குக் காத்திருக்கும் தம்பதியரில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் ஒரு காரணம் இருக்கும். அதனால் இன்று ஆணைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன். பெண்ணுக்கு உரியதையும் விட்டுவிட மாட்டேன்.

ஹைப்போகொனாடிசம் என்பது, ஆணின் விந்தகமோ பெண்ணின் சினைப்பையோ தர வேண்டிய ஹார்மோனைத் தராத நிலை. பல நேரம் விந்தணுவும் கருமுட்டையும் அதோடு சேர்ந்தே குறைந்துவிடும். இந்த ஒரே பெயருக்குள் இரண்டு வேறு நோய்கள் இருக்கின்றன. பயிர் வரவில்லை என்றால் மடை அடைத்திருக்கலாம், அல்லது நிலமே களராகியிருக்கலாம். மடை மூளையில் இருக்கிறது. ஹைப்போதலாமஸ் ஜிஎன்ஆர்எச் என்ற ஹார்மோனை விட்டால், பிட்யூட்டரி எல்எச், எஃப்எஸ்எச் என்ற இரண்டை இரத்தத்தில் விடும். அவை வந்துதான் விந்தகத்தை வேலை வாங்குகின்றன. டெஸ்டோஸ்டிரோன் குறைந்திருக்கும்போது இந்த இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால் கோளாறு மேலே. இரண்டும் எகிறிக் கிடந்தால் கோளாறு கீழே, விந்தகத்தில். சாதாரண இரத்தப் பரிசோதனை இது. எந்த மரபணுச் சோதனைக்கும் முன்னால் இது நடந்திருக்க வேண்டும். இதைப் பார்க்காமல் வாங்கிய மரபணு அறிக்கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று தெரிந்ததும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுவது, பிள்ளை வேண்டும் என்று வந்தவருக்குச் செய்யும் பெரிய தீங்கு. வெளியிலிருந்து அந்த ஹார்மோன் வந்தால் பிட்யூட்டரி தன் வேலையை நிறுத்திக்கொள்ளும், விந்தணு உற்பத்தியும் படுத்துவிடும். உலக சுகாதார நிறுவனம் இதே ஊசியை ஆணுக்கான கருத்தடையாகச் சோதித்து 1990இல் முடிவை வெளியிட்டது. வாரம் ஓர் ஊசி போட்டுக்கொண்ட ஆரோக்கியமான ஆண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஆறு மாதத்துக்குள் விந்தணுவே இல்லாமல் போனது. ஜிம்மில் ‘மசில் ஊசி’ போட்டுக்கொள்ளும் தம்பிகள் இதைக் கேட்க வேண்டும். அவர்கள் இந்த மாதிரிக் கூட்டங்களுக்கு வருவதில்லை.

முதலில் மேலே உள்ள கோளாறு. இதில்தான் நம்பிக்கை அதிகம், கதையும் அதிகம்.

பதினெட்டு வயதாகியும் மீசை அரும்பாத, குரல் உடையாத பையன். கேட்டுப் பார்த்தால் வாசனையும் தெரியாது. மூக்குக்கும் பருவமடைதலுக்கும் என்ன உறவு? 1856இல் ஸ்பெயின் நாட்டு உடற்கூற்றியலாளர் மாயெஸ்த்ரே தே சான் ஹுவான், பிரேதப் பரிசோதனை ஒன்றில் வாசனை நரம்புகள் இல்லாததையும் விந்தகம் வளராததையும் ஒரே உடம்பில் கண்டு எழுதிவைத்தார். 1944இல் ஃபிரான்ஸ் கால்மன் சில குடும்பங்களில் இந்த இரண்டும் சேர்ந்தே வருவதைக் காட்டினார். நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. காரணம் புலப்பட 1989 ஆயிற்று. ஜிஎன்ஆர்எச் சுரக்கும் நரம்பணுக்கள் மூளையில் பிறப்பதில்லை. கருவின் மூக்குப் பகுதியில் பிறந்து, வாசனை நரம்புகளைப் பிடித்துக்கொண்டு மூளைக்குள் நடந்து போகின்றன. கால்மன் நோயுள்ள கரு ஒன்றை ஆராய்ந்தபோது, அந்த அணுக்கள் மூளைக்கு வெளியிலேயே தங்கிவிட்டது தெரிந்தது. 1991இல் எக்ஸ் குரோமோசோமின் நுனியில் இதற்கான முதல் மரபணுவைப் பிடித்தார்கள். இன்று அதன் பெயர் அனோஸ்1.

ஆகவே மருத்துவ மாணவர்களே, இந்த நோயில் முதல் மரபணுச் சோதனை செலவில்லாதது. காப்பித்தூள், பெருங்காயம், மல்லிகை வாசனை தெரிகிறதா என்று கேளுங்கள். பிறவியிலிருந்தே வாசனை அறியாதவர் தனக்கு ஒரு குறை இருப்பதாகவே நினைத்திருக்க மாட்டார். தானாக வந்து சொல்லவும் மாட்டார்.

அனோஸ்1 முதல் மரபணு என்றேன். அதற்குப் பிறகு வந்தவை ஐம்பதைத் தாண்டிவிட்டன. 2003இல் பாரிஸ், பாஸ்டன் என்று இரண்டு இடத்து ஆய்வுக் குழுக்கள் ஒரே ஆண்டில் ஒரே முடிவுக்கு வந்தன. நெருங்கிய உறவில் மணம் செய்த குடும்பங்களில் பருவமடையாத பிள்ளைகளிடம் கிஸ்பெப்டின் என்ற புரதத்தின் ஏற்பி கெட்டுப்போயிருந்தது. பாஸ்டன் குழு ஆராய்ந்தது ஒரு சவுதி அரேபியக் குடும்பத்தை. ஜிஎன்ஆர்எச்சைத் தட்டி எழுப்புவது கிஸ்பெப்டின் என்பது அதற்கு முன் யாருக்கும் தெரியாது. அதன் மரபணுவை 1996இல் முதலில் கண்டது பென்சில்வேனியாவின் ஹெர்ஷி ஊரில், புற்றுநோய் ஆய்வு ஒன்றில். அந்த ஊரின் சாக்லேட் பெயரைத்தான் வைத்தார்கள். பிறகு 2009இல் துருக்கியிலிருந்து வந்தது இன்னொரு செய்தி. அங்கும் உறவில் மணம் செய்த குடும்பங்கள், அங்கும் பருவமடையாத பிள்ளைகள். இந்த முறை நியூரோகைனின் பி என்ற பொருளும் அதன் ஏற்பியும் அகப்பட்டன. அதே ஏற்பியை அடைக்கும் ஃபெசோலினெட்டன்ட் என்ற மாத்திரையை, மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு வரும் உடல் எரிச்சலுக்காக 2023இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். பருவமடையாத பிள்ளைகளை ஆராய்ந்ததன் பலனில் ஒரு பங்கு நடுவயதுப் பெண்களுக்குப் போயிருக்கிறது.

சவுதி, துருக்கிக் குடும்பங்களைச் சொல்லும்போது நம்மூர் ஞாபகம் வராமல் இருக்காது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 28 விழுக்காட்டுப் பெண்கள் சொந்தத்தில் மணம் முடித்தவர்கள். மாமன் மகன், அத்தை மகன் திருமணத்தில் பிறக்கும் பிள்ளைக்கு மரபணுக்களில் பதினாறில் ஒரு பங்கு ஒரே மூதாதையிடமிருந்து இரட்டையாக வரலாம். தாய்மாமனைக் கட்டினால் எட்டில் ஒரு பங்கு. இரண்டு பிரதியும் கெட்டால் மட்டும் வெளிப்படும் நோய்கள் இப்படிப்பட்ட குடும்பங்களில்தான் தலைகாட்டும். நான் சொந்தத்தில் மணம் முடித்தவர்களை அதட்டுகிறவன் இல்லை. பெரும்பாலான குடும்பங்களில் பிள்ளைகள் நன்றாகவே இருக்கிறார்கள். ஆனால் ‘சொந்தமா?’ என்ற கேள்வி நோய்க் குறிப்பேட்டில் இருந்தே ஆக வேண்டும். இருந்தால் எந்த மரபணுக்களை முதலில் பார்ப்பது என்பதே மாறும்.

இந்த மேல்கோளாறில் மரபணுச் சோதனை எந்த முடிவை மாற்றுகிறது? சிகிச்சையை ஆரம்பிப்பதற்கு அது தேவையில்லை. எச்சிஜி என்ற ஹார்மோன் ஊசி, அதோடு எஃப்எஸ்எச் ஊசி, பொறுமையாக ஒன்றிரண்டு வருஷம். பலருக்கு விந்தணு வந்துவிடும், சிலருக்கு வீட்டிலேயே இயல்பாகக் குழந்தையும் உண்டாகும். ஜிஎன்ஆர்எச்சையே சிறு பம்பு வழியாகத் துடிப்புத் துடிப்பாகக் கொடுக்கவும் முடியும். விடாமல் தொடர்ந்து கொடுத்தால் பிட்யூட்டரி மரத்துப்போகும், விட்டுவிட்டுக் கொடுத்தால் விழிக்கும் என்று எர்னஸ்ட் நோபிலின் குழு 1970களின் இறுதியில் குரங்குகளிடம் காட்டியது. பிள்ளைப்பேற்று மருத்துவத்தில் இதைவிட அழகான சோதனை எனக்குத் தெரியாது. மரபணு அறிக்கை பயன்படுவது வேறிடத்தில், அடுத்த தலைமுறைக் கணக்கில். அனோஸ்1 என்றால் தாய் வழியாக மகனுக்குப் போகும், அந்தத் தாயின் சகோதரி மகன்களையும் பார்க்க வேண்டும். எஃப்ஜிஎஃப்ஆர்1 என்ற மரபணு என்றால் தந்தையே பிள்ளைக்குக் கொடுக்கலாம். ஒரே மாற்றம் ஒரு குடும்பத்தில் அண்ணனைப் பருவமடைய விடாது, தம்பிக்கு வாசனையை மட்டும் எடுத்திருக்கும், அப்பாவை ஒன்றும் செய்திருக்காது. இரண்டு மரபணுக்கள் சேர்ந்து நோயை உண்டாக்கும் குடும்பங்களும் உண்டு. எல்லாம் தேடிப் பார்த்தாலும் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காரணம் அகப்படாது. இதை முன்கூட்டியே சொல்லாமல் பணம் வாங்குவது நியாயம் இல்லை. இன்னொன்று, 100 பேரில் 10 முதல் 20 பேருக்கு, வருஷக்கணக்கில் சிகிச்சை எடுத்த பிறகு மூளை தானாகவே வேலையைத் தொடங்கிவிடும். அதனால் இடையிடையே மருந்தை நிறுத்திப் பார்க்க வேண்டும். ஆயுள் முழுக்க ஊசி என்று எழுதிக் கொடுத்துவிட்டு மறந்துவிடக் கூடாது.

இனி கீழே உள்ள கோளாறு. இதில் முதலாவதான கிளைன்ஃபெல்டர் நோய், உலகத்திலேயே அதிகம் தவறவிடப்படும் நோய்களில் ஒன்று. 1942இல் பாஸ்டனில் ஹாரி கிளைன்ஃபெல்டர் ஒன்பது ஆண்களைப் பற்றி எழுதினார். சிறிய விந்தகம், மார்பு வளர்ச்சி, விந்தணு இல்லை. ஹார்மோன் கோளாறு என்று நினைத்தார்கள். 1959இல் எடின்பரோவில் பட்ரீஷியா ஜேக்கப்ஸும் ஜான் ஸ்ட்ராங்கும் குரோமோசோம்களை எண்ணிப் பார்த்தார்கள். 46 இருக்க வேண்டிய இடத்தில் 47, ஓர் எக்ஸ் கூடுதல். ஆண் குழந்தைகளில் சுமார் 650 பேருக்கு ஒருவர் இப்படிப் பிறக்கிறார். ஒவ்வொரு குடிமகனுக்கும் பதிவேடு வைத்திருக்கும் டென்மார்க்கிலேயே, வாழ்நாளில் கண்டுபிடிக்கப்படுவது நாலில் ஒருவர்தான். நம் கணக்கை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஏன் தவறுகிறது? மருத்துவர் பையனின் விந்தகத்தைத் தொட்டுப் பார்ப்பதில்லை. வெட்கம் இரண்டு பக்கமும் இருக்கிறது. பள்ளி மருத்துவ முகாமில் பல்லைப் பார்க்கிறோம், கண்ணைப் பார்க்கிறோம். இதைப் பார்ப்பதில்லை. கேரியோடைப் என்னும் குரோமோசோம் சோதனை இன்றைய மரபணுச் சோதனைகளோடு ஒப்பிட்டால் மலிவானது, பழையது. விந்தணு இல்லாதவருக்கும், மில்லிலிட்டருக்கு 50 லட்சத்துக்குக் கீழே இருப்பவருக்கும் இதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். விடை தெரிந்தால் முடிவு மாறும். விந்துவில் அணு இல்லாவிட்டாலும், நியூயார்க்கில் பீட்டர் ஷ்லெகல் 1990களின் இறுதியில் வகுத்த மைக்ரோ டெசி முறையில் நுண்ணோக்கியை வைத்து விந்தகத்துக்குள் தேடினால், கிளைன்ஃபெல்டர் ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் எங்கோ ஒரு மூலையில் விந்தணு கிடைக்கிறது. 1992இல் பிரஸ்ஸல்ஸில் வந்த இக்ஸி முறைக்கு ஒரு முட்டைக்கு ஒரு விந்தணு போதும். இப்படிப் பிறக்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பான்மையோருக்குக் குரோமோசோம் கணக்கு சரியாகவே இருக்கிறது. குழந்தையைத் தாண்டியும் பலன் உண்டு. எலும்புத் தேய்மானம், சர்க்கரை நோய், இரத்தக் கட்டி, மார்புப் புற்று ஆகிய எல்லாம் இவர்களுக்குக் கூடுதல். குழந்தை பிறந்த கையோடு நாம் இவர்களைக் கைவிட்டுவிடுகிறோம்.

அடுத்தது, ஒய் குரோமோசோமில் துண்டு போயிருக்கிறதா என்று பார்ப்பது. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. ஏனென்றால் இதன் பெருமை ‘இல்லை’ என்று சொல்வதில் இருக்கிறது. 1976இல் இத்தாலியின் தியெப்போலோவும் ஜுஃபார்தியும், விந்தணு இல்லாத சில ஆண்களின் ஒய் நீளக்கையின் நுனி உடைந்திருப்பதைக் கண்டார்கள். 1996இல் அந்தப் பகுதியை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்தார்கள். சி துண்டு மட்டும் போயிருந்தால் விந்தகத்தில் தேடலாம், பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு. சிலருக்கு விந்துவிலேயே கொஞ்சம் வரும். ஏ அல்லது பி முழுக்கப் போயிருந்தால் எத்தனை முறை அறுத்தாலும் கிடைக்கப் போவதில்லை. சாதாரண பிசிஆர் சோதனை ஒன்று, ஒருவரை மயக்க மருந்திலிருந்தும் கத்தியிலிருந்தும், நகையை அடகு வைத்த பணம் வீணாவதிலிருந்தும் காப்பாற்றுகிறது. மனைவியைச் சினைமுட்டை தூண்டும் ஊசிகளிலிருந்தும் காப்பாற்றுகிறது. அறுவை முடிந்த பிறகு இந்தச் சோதனையை எழுதிக் கொடுக்கும் வழக்கத்தைப் பார்த்திருக்கிறேன். அதற்கு என்ன பெயர் சொல்வது என்று உங்களுக்கே விடுகிறேன். ஐதராபாத்தின் சிசிஎம்பி நிறுவனத்தில் லால்ஜி சிங், தங்கராஜ் ஆகியோரின் ஆய்வுகள், இந்திய ஆண்களிடமும் இந்த இழப்புகள் கணிசமாக இருப்பதை இருபது ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டன. வெளிநாட்டுச் சங்கதி என்று இதை ஒதுக்க இடமில்லை.

சி துண்டு இழப்போடு மகன் பிறந்தால் அவனுக்கும் அதே இழப்பு போகும். அப்பாவிடம் இருப்பது ஒரே ஒய்தான். ‘அப்போ பெண் குழந்தையாப் பார்த்து வெச்சுடுங்களேன், டாக்டர்’ என்று கேட்பவர்கள் உண்டு. கருவின் பாலினத்தைத் தேர்வதை நம் சட்டம் தடுக்கிறது. பாலினத்தோடு சேர்ந்த நோய்களுக்கு இருக்கும் விலக்கை இதற்கும் நீட்டலாம் என்று யாராவது வாதாடலாம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த மகன் ஓடுவான், படிப்பான், வேலை பார்ப்பான். வளர்ந்த பிறகு அவன் அப்பாவைப் போல ஒரு மருத்துவ உதவி தேவைப்படலாம், அவ்வளவுதான். 18 வயதில் அவனிடம் சொல்லி, விந்துவை உறைய வைக்க வழி இருக்கிறது.

விந்தகம் நன்றாக இருந்து, குழாய் மட்டும் பிறவியிலேயே இல்லாதவர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். விந்து அளவு குறைவு, அமிலத்தன்மை, ஃப்ரக்டோஸ் இல்லை என்றால் விரல்களால் விரைப்பையின் மேல் அந்தக் குழாயைத் தேடிப் பாருங்கள். இரண்டு பக்கமும் இல்லை என்றால் சிஎஃப்டிஆர் மரபணுவைப் பார்க்க வேண்டும். 1989இல் டொராண்டோவிலும் மிச்சிகனிலும் சேர்ந்து கண்டுபிடித்த, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நுரையீரல் நோயின் மரபணு இது. இங்கே முக்கியமானது மனைவியின் சோதனை. அவரும் தெரியாமல் அதைச் சுமந்தால், இக்ஸியில் பிறக்கும் குழந்தைக்கு அந்தக் கொடிய நோய் வரக்கூடும். ஐரோப்பியரிடம் அதிகம் இருக்கும் மாற்றங்களை மட்டும் தேடும் கிட் நமக்குப் போதாது. மரபணு முழுவதையும் படிக்க வேண்டும்.

பெண்களிடம் வருவோம். 40 வயதுக்கு முன் சினைப்பை ஓய்ந்துபோனால் கேரியோடைப் வேண்டும். டர்னர் நோயில் ஓர் எக்ஸ் முழுதாகவோ பாதியாகவோ இருக்காது, சுமார் 2,500 பெண்களில் ஒருவருக்கு. குள்ளமாக இருப்பதை ‘அம்மா வாகு’ என்று விட்டுவிடுகிறோம். இருதயத்தின் பெருந்தமனியைப் பார்க்காமல் இவர்களுக்குத் தானமுட்டையில் கர்ப்பம் உண்டாக்குவது ஆபத்து. இன்னொன்று எஃப்எம்ஆர்1 என்ற மரபணு. இதில் ஓர் எழுத்துக் கூட்டு 55 முதல் 200 தடவை திரும்ப வந்தால், அந்தப் பெண்களில் ஐந்தில் ஒருவருக்குச் சினைப்பை சீக்கிரம் ஓயும். அதே கூட்டு அடுத்த தலைமுறையில் 200ஐத் தாண்டினால் ஆண் குழந்தைக்கு அறிவு வளர்ச்சிக் குறை வரும். ஆகவே ‘உங்க அண்ணன், தம்பி, அக்கா பிள்ளைங்க யாருக்காவது பேச்சு, படிப்பு வராம இருக்கா?’ என்று கேட்பது பிள்ளையின்மைச் சிகிச்சையின் ஒரு பகுதி. விடை கிடைத்தால், தங்கையின் முட்டையை வயதிருக்கும்போதே உறைய வைக்கலாம். 1995இல் பின்லாந்தில் எஃப்எஸ்எச் ஏற்பியின் ஒரே மாற்றம் பல குடும்பப் பெண்களின் சினைப்பையை ஓயவைத்ததைக் கண்டார்கள். அந்தக் குடும்பத்து ஆண்களில் சிலர் தந்தையாகியும் இருந்தார்கள். எஃப்எஸ்எச் இல்லாமல் ஆணுக்கு விந்தணு வராது என்ற பாடப்புத்தக வரி அதோடு ஆட்டம் கண்டது.

வேண்டாத சோதனைகளையும் சொல்ல வேண்டும். நீர்க்கட்டி என்று நம் ஊரில் சொல்லும் பிசிஓஎஸ்ஸுக்கு மரபணுப் பேனல் எதையும் மாற்றாது. எடை, சர்க்கரை, மாதவிலக்கு, முட்டை வெளிவரச் செய்யும் மாத்திரை, இவைதான் சிகிச்சை. கரு தங்கவில்லை என்றதும் எம்டிஎச்எஃப்ஆர் என்ற மரபணுவின் சோதனையை எடுக்கச் சொல்கிறார்கள். அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி 2013லேயே இதை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. மரபணுக்களை மொத்தமாகப் படிக்கும் எக்ஸோம் சோதனையில் ‘பொருள் நிச்சயமில்லாத மாற்றம்’ என்று ஒரு வரி வரும். உலகத் தரவுக் களஞ்சியங்களில் ஐரோப்பியரே நிறைந்திருப்பதால், நமக்கு அந்த வரி கூடுதலாக வரும். அதை நோய் என்று படித்து அழும் தம்பதியரைச் சமாதானப்படுத்துவது இப்போது எங்கள் வேலையில் ஒரு பங்காகிவிட்டது.

கடைசியாக, அறிக்கை யார் கைக்குப் போகிறது என்பது. மாதவிலக்கே வராத ஒரு பெண், உயரமானவள், பெண்ணாகவே வளர்ந்தவள். கேரியோடைப் 46,எக்ஸ்ஒய் என்று வருகிறது. டெஸ்டோஸ்டிரோனைக் கேட்கும் ஏற்பி அவள் உடம்பில் வேலை செய்யவில்லை. கருப்பையும் இல்லை, வயிற்றுக்குள் விந்தகம் இருக்கிறது. அவள் பெண்தான், அதில் எந்தச் சந்தேகமும் வேண்டியதில்லை. ஆனால் ‘எக்ஸ்ஒய்’ என்று அச்சடித்த காகிதத்தை ஆய்வகத்துக்காரர் கூட வந்த மாமியாரிடம் நீட்டினால், அந்தப் பெண்ணின் வாழ்க்கை அந்த வரவேற்பறையிலேயே முடிந்துவிடும். அறிக்கை முதலில் யாருடைய உடம்போ அவரிடம், தனியாக, மூடிய அறையில், மரபியல் ஆலோசகர் பக்கத்தில் இருக்கும்போது போக வேண்டும். கணவனுக்கு எதைச் சொல்வது, எப்போது சொல்வது என்பதை அவர் தீர்மானிக்கட்டும். ஆணின் ஒய் அறிக்கைக்கும் இதே விதிதான். பழியை மனைவி தலையிலிருந்து எடுத்துக் கணவன் தலையில் வைப்பதற்காக யாரும் பிசிஆர் எந்திரம் செய்யவில்லை.

ஆனால் ஒருவர் அறிக்கை இன்னொருவருக்கும் தேவைப்படும் இடம் உண்டு. அனோஸ்1 மாற்றத்தோடு சிகிச்சைக்கு வந்த 26 வயது அண்ணனுக்கு, 13 வயதில் ஒரு தம்பி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் சம்மதித்தால்தான் தம்பியிடம் போக முடியும். சம்மதிக்கச் சொல்லி நாம் கேட்க வேண்டும், ஒரு தடவை மறுத்தால் அடுத்த மாதம் திரும்பக் கேட்க வேண்டும். அந்தத் தம்பிக்கும் அதே மாற்றம் இருப்பது தெரிந்தால், கேலிப் பேச்சு கேட்டு வீட்டுக்குள் ஒடுங்கும் வயது வருவதற்கு முன், 14 வயதிலேயே பருவமடைய வைக்கும் ஊசியை ஆரம்பித்துவிடலாம்.